வீட்டுச் செருப்பு போட்ட அதிகாரி

லிஷ்கோவ், வீட்டு எண் 47
நவம்பர் 12, 2013

மதிப்பிற்குரிய படத்தொகுப்பாளர் திருமதி லிபுஷே மொராவ்கோவா அவர்களின் சமூகத்துக்கு,

தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்ற அலோய்ஸ் குபாத் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி க்வேதாவும், என் இடது முழங்காலைத் தவிர, நலம். அங்கே பிராகில் தாங்களும் தங்கள் கண்களும் தங்கள் கத்திரிக்கோலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் படத்தைக் கத்திரிக்கோலால் வெட்டுவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று என் மருமகன் சொல்கிறார். எதனால் வெட்டினாலும் வெட்டுப்படுகிறவளுக்கு ஒன்றுதான், ஆகையால் கத்திரிக்கோல் என்றே எழுதுகிறேன்.

தங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனால் என் வீட்டை இதற்குள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இயக்குநர் திரு. ஹெய்துக் டெலிவிஷனுக்காக எடுக்கும் நாலு பகுதி நாடகத்தில், மூன்றாம் பகுதியில், கொட்டும் மழையில் ஒரு பச்சைக் கதவு தட்டப்படுகிறதே, அது எங்கள் கதவு. அதைத் திறக்கிற, நீலப் பூப்போட்ட ஏப்ரன் கட்டிய பெண்மணி என் க்வேதா. ஐம்பதுகளின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர், கூட்டுப் பண்ணைக்கு நிலத்தைக் கொடுக்க மறுத்த ஷிமெக் என்ற விவசாயியைப் பிடித்துப் போக வருகிறார். கதவைத் திறக்கும் ஷிமெக்கின் அக்கா, அதாவது க்வேதா, "வீட்டுல யாரும் இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. வருகிற வியாழக்கிழமை அந்தக் காட்சியை என் மனைவியோடு சேர்த்து வெட்டிவிட்டு, பிராகிலிருந்து ஒரு நடிகையை வைத்து வேறு ஏதோ ஒரு கதவில் மறுபடி எடுப்பது பற்றி முடிவு செய்யப் போகிறார்கள் என்று மேக்கப் போடும் யித்கா போனில் சொன்னாள். இதில் கடைசி வார்த்தை எடிட்டர் அம்மாவுடையது, அவர் சொன்னால் இயக்குநர் கேட்பார் என்றும் அவளே சொன்னாள். ஆகவே தயவுசெய்து வெட்ட வேண்டாம். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிட்டேன், இனிமேல் சுற்றி வளைக்கிறேன்.

சினிமா தெரியாதவன் பேசுகிறான் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. முப்பத்தாறு வருஷம் இந்த வட்டாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். மீட்டர் அடுக்களைக்குப் பின்னால்தான் இருக்கும், அடுக்களையில் டெலிவிஷன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதின்மூன்று பகுதித் தொடர் ஒன்றை, மதிய மறுஒளிபரப்பில், பதின்மூன்று அடுக்களைகளில், வீட்டுக்கு ஒரு பகுதியாக முழுசாகப் பார்த்து முடித்திருக்கிறேன். காளையை ஒற்றை ஆளாகச் சாய்க்கிற கசாப்புக்காரர் ஒருவர், அந்தத் தொடரில் தலைமை நர்ஸுக்குக் கல்யாணம் நின்றுபோன அன்று ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு எனக்கு மீட்டரைக் கை காட்டினார். மணியை அழுத்தினால் உள்ளேயிருந்து யார் என்று கேட்க மாட்டார்கள், ஏதாவது ஒரு பழைய காமெடிப் படத்தின் வசனத்தைச் சொல்வார்கள், அதற்கு அடுத்த வசனத்தை நான் வெளியிலிருந்து சொன்னால்தான் தாழ்ப்பாள் நகரும். ஒரு தடவை எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது மாற்று ஆளாக வந்தவர் படமே பார்க்காதவர், பாவம், ஒரு வாரத்தில் நாலு மீட்டர்தான் பார்க்க முடிந்தது.

மற்ற நாட்டுப் படங்களும் பார்த்திருக்கிறேன். அங்கே நாயகன் சாகும்போது கொடியைப் பார்க்கிறான், கடலைப் பார்க்கிறான். நம் படத்தில் சாகப் போகிறவன், அடுப்பில் சூப் பொங்குகிறது பார் என்கிறான், நாம் சிரிக்கிறோம், சிரித்து முடிப்பதற்குள் அழுகிறோம். இதை நம் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, விளங்காததால் மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது. எங்கள் வீட்டுக்கு அதிகாரியாக நடிக்க வந்த திரு. கமில் ப்ரோஷையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, கெண்டை மீன் வறுபடும்போது டெலிவிஷனில் போடுகிற தேவதைக் கதையில் இருபது வருஷமாக அவர்தான் சோம்பேறிப் பிசாசு. ஆனால் அவருடைய அந்தச் சவ ஊர்வலப் படத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட மறுநாள், ஊர்வலம் காட்டு வழியாகப் போகிறது, ஒருவர் பின் ஒருவராக மரத்துப் பக்கம் ஒதுங்குகிறார்கள், கல்லறைக்கு வந்து சேரும்போது எல்லார் தொப்பியிலும் பறித்த காளான். விதவை மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். ப்ரோஷ் தன் தொப்பியிலிருந்து பாதியை அவள் கைப்பைக்குள் போடுகிறார். ஏழு தடவை பார்த்திருக்கிறேன், ஏழு தடவையும் க்வேதாவிடம் கைக்குட்டை கடன் வாங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக்கு வரப் போகிறார் என்றால் எனக்குத் தரையில் கால் நிற்குமா? இத்தனைக்கும் இது என் முயற்சி இல்லை. டெலிவிஷன் வாரப் பத்திரிகையில் பழைய காலத்து வீடு தேவை என்று வந்த விளம்பரத்தைப் பார்த்து, வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியவள் க்வேதா. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட உள்ளே விடாதவள், இருபத்தேழு பேர் கொண்ட யூனிட்டைத் தானே கூப்பிடுகிறாளே என்று எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் மீட்டர் பார்க்கிறவன் முள்ளைத்தான் பார்ப்பான், குழாயில் என்ன ஓடுகிறது என்று கேட்க மாட்டான். லொகேஷன் பார்க்க வந்தவர் வீட்டைச் சுற்றி வந்து, "ஐம்பதுக்கு அப்புறம் இங்க ஒண்ணுமே மாறல, அற்புதம்" என்றார். அந்த வசந்தத்தில்தான் நான் வெள்ளையடித்திருந்தேன். அவருக்குக் காபி கொடுத்தேன், ஆனால் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

க்வேதாவுக்கு வேஷம் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நாடகக் குழுவில் அவள் முப்பது வருஷம் இருந்தாள், ஆனால் ஒரு நாள்கூட மேடையில் நின்றதில்லை. மேடைக்கு முன்னால் ஒரு பொந்து இருக்குமே, அதற்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. இளவரசிக்கும் கொள்ளைக்காரனுக்கும் மந்திரிக்கும் எல்லா வரியும் அவள் வாயிலிருந்துதான் போகும், கைதட்டல் மட்டும் தலைக்கு மேலே போய்விடும். யிஹ்லவாவிலிருந்து வர வேண்டிய நடிகைக்குப் பல்வலியில் கன்னம் வீங்கி அவர் வரவில்லை. திரு. ஹெய்துக் முற்றத்தில் தலையில் கை வைத்து நிற்கிறார். ஒத்திகையில் திரு. ப்ரோஷ் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார், அடுக்களையிலிருந்து ஒரு தாழ்ந்த குரல் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. மேசையில் கிடந்த வசனத்தாளை அவள் கேக் வேகிற நேரத்தில் நாலு பகுதியும் மனப்பாடம் செய்திருந்தாள். இயக்குநர் எட்டிப் பார்த்தார், அவள் கையில் மாவு. பத்து நிமிஷத்தில் ஏப்ரன் கொடுத்துவிட்டார்கள், அது அவளுடைய சொந்த ஏப்ரன்தான், அதைவிடப் பழசு அவர்களிடம் இல்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். காலையில் யூனிட் வந்து இறங்கியபோது நான் வாசலில் ஒரு பெரிய கூடையோடு நின்றேன். எங்கள் வீட்டில் விருந்தாளிகள் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ள ஆறு ஜோடி வீட்டுச் செருப்புதான் உண்டு, ஆகவே முந்தின வாரமே தெரு முழுக்க அலைந்து முப்பத்தொரு ஜோடி சேர்த்து, யாருடையது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு குத்தி வைத்திருந்தேன். திரு. ஹெய்துக் இளைஞர், அவசரக்காரர். கேபிள் இழுக்கணும், லைட் தூக்கணும், இதெல்லாம் முடியாது என்றார். கேபிளுக்குக் கால் இல்லை சார், உங்களுக்கு இருக்கிறது என்றேன். அவரும் ஒரு தாய் வளர்த்த பிள்ளைதானே, முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கிளாப் அடிக்கிறவருக்குத் தபால்காரம்மாவின் முயல்காதுச் செருப்பு அமைந்தது. கேமராமேனுக்கு நாற்பத்தேழாம் நம்பர் கால், ஊரிலேயே அந்த அளவு கிடையாது, க்வேதா அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற கையுறைகளைக் கொடுத்தாள், அதையே மாட்டிக்கொண்டு அன்று முழுக்கப் படம் பிடித்தார். க்வேதா விடிகாலையிலேயே மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள், பலகையில் முகம் தெரிந்தது. அதன்மேல் இருபத்தேழு பேர் சத்தமே இல்லாமல் நடந்தார்கள். ஒலிப்பதிவாளர் தன் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான யூனிட்டைக் கண்டதில்லை என்று என் கையைக் குலுக்கினார்.

மழை வேண்டும் என்றார்கள். மழைக்கு எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை பொறுப்பேற்றது. அவர்கள் காலை ஏழு மணிக்கே கொட்டகைக்குப் பின்னால் குழாயோடும் ஒரு பீப்பாய் பீரோடும் தயாராகிவிட்டார்கள், ஆனால் மழை தேவைப்பட்டதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. முதல் டேக்கில் மழை மேலிருந்து பெய்தது. இரண்டாவதில் சாய்ந்து பெய்தது. மூன்றாவதில் படுக்கைவாட்டில் வந்து திரு. ப்ரோஷின் தொப்பியைக் கொண்டுபோய் எங்கள் கோழிக்கூட்டில் சேர்த்தது. அவர் கோபப்படவில்லை, கோழியிடம் மன்னிப்புக் கேட்டுத் தொப்பியை எடுத்து வந்தார். அதற்குள் முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவு சேறு, அவர் முழங்கால் வரை வரும் கறுப்பு பூட்ஸ் போட்டிருந்தார். வாசலுக்கு வெளியே இருந்ததால் அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது டேக். கதவு தட்டப்படுகிறது. நான் படுக்கையறை வாசலில், கேமராவுக்குப் பின்னால், மூச்சை அடக்கி நிற்கிறேன். க்வேதா திறக்கிறாள். தோல் கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ப்ரோஷ் நிற்கிறார், பின்னால் அதே மாதிரி இரண்டு பேர். சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் சோம்பேறிப் பிசாசு என்றே எனக்கு நினைவில்லை. க்வேதா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பூட்ஸைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சத்தம் உயராமல், அந்தப் பொந்துக்குள்ளிருந்து பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"வீட்டுல யாரும் இல்லீங்க. பூட்ஸக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் தரையத் தொடச்சேன்."

ப்ரோஷ் என்ன செய்தார் என்று தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். நிலையைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று இடது பூட்ஸைக் கழற்றினார், பிறகு வலது. இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்தார். பின்னால் நின்ற இருவரும் அப்படியே செய்தார்கள். கூடையில் கை விட்டார், தச்சரின் பழுப்புக் கட்டம் போட்ட செருப்பு வந்தது, போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு உள்ளே வந்து, எலும்பை நடுங்கவைக்கிற குரலில் "ஷிமெக் எங்க?" என்று கேட்டார். மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார், அலமாரியை உதைத்தார், வீடு முழுக்க அந்தச் செருப்போடு சதக் சதக்கென்று நடந்து சோதனை போட்டார். இயக்குநர் கட் சொல்லி, பிரமாதம் என்றார். கேமராமேன் பிரமாதம் என்றார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை அம்மா, ஏன் தோன்ற வேண்டும்? எல்லாரும் செருப்பில்தான் நின்றோம். யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று குறித்து வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற கண்டினியூட்டி அம்மணிகூடத் தன் நோட்டில், "அதிகாரி: தோல் கோட்டு, ஈரத் தொப்பி, பழுப்புக் கட்டச் செருப்பு" என்று அழகாக எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். ஷிமெக்கின் அக்கா கூடுதலாக இரண்டு வாக்கியம் பேசினாள் என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை, அதை வசனம் என்றே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்கு வீடு கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்.

நாலு நாள் கழித்துத் தங்கள் அறையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது என்று யித்கா சொன்னாள். தாங்கள் முதலில் சிரித்தீர்களாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னீர்களாம். அந்த இன்னொரு தடவையை நம்பித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். திரு. ஹெய்துக் எனக்குப் போன் செய்து, "ஐயா குபாத், ரகசியப் போலீஸ்காரன் கட்டம் போட்ட செருப்போட சோதனை போட்டா நாடே சிரிக்கும். இது அழ வேண்டிய படம்" என்றார். "ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பயத்தில் போனை வைத்துவிட்டேன்.

அந்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. நாடகக் குழுக்காரர்கள் மண்டபத்து வாசலில் க்வேதாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், வசந்தத்தில் ஒளிபரப்பாகிற அன்று எல்லாருமாகச் சேர்ந்து பார்க்க நாற்காலிக்கு ஏற்பாடு செய்தாயிற்று. அவள் அழவில்லை, புலம்பவில்லை. தரையைத் துடைக்கிறாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். நான் ஆறுதலாக, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வரி தவறினால் என்ன, பயத்தில் யாருக்கும் வரும் என்றேன். "லொய்ஸா, கால எடு" என்றாள், வீட்டில் நான் லொய்ஸாதான், காலுக்குக் கீழே துடைத்துவிட்டு அப்பால் போனாள். அறுபத்தெட்டு வயதில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு வரியை நான் வாசலில் வைத்த கூடை கெடுத்துவிட்டது. கூடையைக் கண்டு பழக்கதோஷத்தில் வாய் வந்துவிட்டது, வேறென்ன. தண்டனை எனக்குத்தான் வர வேண்டும், அவளுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் என் முக்கிய வாதம். இது நடக்காத விஷயம் என்று இயக்குநர் சொல்கிறார். நடந்தது அம்மா. 1951இல், என் அப்பா வீட்டில், நான் எட்டு வயதுப் பிள்ளையாக மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. தோல் கோட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். என் அம்மா தரையைக் கழுவிவிட்டு நின்றாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வா என்றாள். கழற்றினார்கள். அதில் பெரியவனுடைய காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. அப்பாவைக் கூட்டிப் போனார்கள், ஆள் மாறிவிட்டது என்று இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் 'மான் கொம்பு' மதுக்கடையில் இருபது வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன், கடைக்காரரே சாட்சி. ஆகவே அந்தக் காட்சியைத் தாங்கள் வெட்டினால் உண்மையை வெட்டுகிறீர்கள். வேறு நாட்டுப் படமாக இருந்தால் அந்த அதிகாரி அவளைத் தள்ளிவிட்டு வருவான். நம் படத்தில்தான் கழற்றிவிட்டு வருவான். அதற்காகத்தான் நம் படத்தை நான் இத்தனை வருஷம் அடுக்களை அடுக்களையாகப் பார்த்தேன்.

தங்கள் பொன்னான நேரத்தை மிகவும் எடுத்துக்கொண்டேன். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் காடு நிறையக் காளானும், முள் குத்தாத கிறிஸ்துமஸ் மீனும், அறுந்துபோகாத படச்சுருளும் வாய்க்கட்டும். திரு. ப்ரோஷுக்கு என் வணக்கம், கோழி நலமாக இருக்கிறது என்று சொல்லவும். திரு. ஹெய்துக்குக்கும் வணக்கம், கேட்டால் மட்டும். யித்காவுக்குக் கேக் செய்முறை தனியாக வருகிறது.

என்றும் தங்கள் கத்திரிக்கோலுக்குக் கட்டுப்பட்ட,
அலோய்ஸ் குபாத்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் கடிதம் க்வேதா கையில் சிக்கிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு, வசனத்தாள் படிக்கிற மாதிரி, விரலை வரிக்கு வரி நகர்த்தி இரண்டு தடவை படித்தாள். நாலு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "லொய்ஸா, அது உங்க வீடு இல்ல. எங்க வீடு" என்றாள். "உங்கப்பாவ யாரு தேடி வந்தா? சாப்பாட்டு நேரத்துலகூட அவர யாரும் தேட மாட்டாங்க."

தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும். மேலே எழுதியதில் தேதியையும் முழங்காலையும் கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் தவிர என் வாதம் எதையும் நம்ப வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பறிக்கப் போன இடத்தில், இரண்டு கொடிகளுக்கு நடுவே நின்று, அவள் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்ன விஷயம் இது. என் மாமனார் ஒன்பது வருஷம் யுரேனியச் சுரங்கத்தில் கைதியாக இருந்தவர். வந்த பிறகு அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஆட்சி மாறி, பேசலாம் என்ற காலம் வந்தபோது, பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன். மதுக்கடையில் முதலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் என்று சொன்னேன், பிறகு என் குடும்பம் ஆயிற்று, பிறகு நான் மேசைக்கடியில் போய் உட்கார்ந்தேன். கட்டைவிரலைத் தொண்ணூற்று நாலு வாக்கில் சேர்த்தேன். சேர்த்த பிறகு எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள், அதனால் அது அங்கேயே தங்கிவிட்டது. இப்போது கண்ணை மூடினால் எனக்கே அந்த விரல் தெரிகிறது.

ஆனால் யாரும் பூட்ஸைக் கழற்றவில்லையாம் அம்மா. அதையும் நான்தான் சேர்த்திருக்கிறேன். க்வேதாவுக்கு ஆறு வயது. இதே வீடு, இதே பச்சைக் கதவு, இதே தரை. அவள் அம்மா அப்போதுதான் கழுவிவிட்டு, ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று பேரும் சேற்றோடு நடந்தார்கள், அடுக்களை, அறை, திரும்ப அடுக்களை. அவள் அப்பா மட்டும் தன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு வாசல் வரை நடந்துபோய், அங்கே உட்கார்ந்து போட்டுக்கொண்டார், தரை அழுக்காகக் கூடாது என்று. ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோதும் முதலில் வாசலில் நின்று அதைத்தான் கழற்றினாராம். இந்தத் தரையையும் பூட்ஸையும் பற்றி, நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்த எனக்கு இன்று மத்தியானம்தான் சொன்னாள். எங்கே படம் எடுக்கிறார்கள், எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது அன்று முழுக்க எனக்கு எட்டவே இல்லை, நான் செருப்பு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழக்கதோஷம் என்று எழுதியிருந்தேனே, அந்த வரியில் விரலை வைத்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் வரி மறக்கல, லொய்ஸா. முப்பது வருஷம் எல்லாருக்கும் வரி எடுத்துக் கொடுத்தவ நான். அன்னைக்கு எங்கம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவ்ளோதான்."

வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி, அவளுக்கு ஒன்றும் இல்லையாம். அவள் சொல்லியாயிற்று, அவர் கழற்றியாயிற்று. அந்தப் பிராக் நடிகை வந்தால் அவருக்கும் ஒரு ஜோடி செருப்பு எடுத்து வைப்பதாகச் சொல்லச் சொன்னாள். எனக்கு மட்டும் ஒரு ஆசை இருக்கிறது, அதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

தபாலில் போடலாம் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், வாசலில்தான் கடிதத்தை மேசையிலேயே விட்டது நினைவுக்கு வந்தது. இரண்டே எட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று உள்ளே கால் வைத்தேன். அடுக்களையிலிருந்து, கதவு சாத்தியிருந்தும், அந்தத் தாழ்ந்த குரல் வந்தது. கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு நின்றுதான் இந்த வரியை எழுதுகிறேன்.